மலையேறும் பழைய எம்ஜிபி: இன்ஜின், கிளட்ச் கோளாறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1966-ஆம் வருட எம்ஜிபி. இரண்டு பேர் உட்காரும், துணிக்கூரையை மடக்கி வைக்கும் ஸ்போர்ட்ஸ் கார். ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவின் ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்ததை வாங்கிச் சரிசெய்து, குன்னூரில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்ரோல் பங்கில் நின்றாலும் டீக்கடையில் நின்றாலும் யாராவது வந்து பேசுவார்கள். இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் கோயம்புத்தூரிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் போன் செய்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரானது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல். இடையில் பல மாற்றங்கள் நடந்தன. கீழே சொல்லும் அளவுகள் என் வண்டிக்கானவை: 1798 சிசி, கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் ஐந்து மெயின் பேரிங், எஸ்யு என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் இரட்டை கார்புரேட்டர். உங்கள் வண்டி வேறு வருடம் என்றால் அதன் மேனுவலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டியைத் தொட இங்கே மெக்கானிக் கிடைப்பாரா?

கிடைப்பார். அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினில் கை வைத்து வளர்ந்த மெக்கானிக்கைத் தேடுங்கள். அம்பாசடரில் வந்த 1489 சிசி இன்ஜின், பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் பி-சீரீஸ் குடும்பம். எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் அதே குடும்பத்தில் பிறந்த அண்ணன்தான். வால்வு அமைப்பு, டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் விதம், 1-3-4-2 என்ற ஃபயரிங் ஆர்டர் எல்லாம் அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். உதிரிபாகம் அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. பிஸ்டன், கிராங்க் எல்லாம் வேறு. ஆனால் இன்ஜின் போடும் சத்தத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் காது அவரிடம் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனர் இதற்கு ஆகாது, அங்குலக் கணக்கில் வரும் ஏஎஃப் ஸ்பேனர் வேண்டும். பழைய அம்பாசடர் மெக்கானிக்கின் பெட்டியில் அதுவும் இருக்கும்.

அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1967-க்கு முந்தைய எம்ஜிபியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். பழக்கத்தில் மாற்றி மாட்டிவிட்டால் வயரிங் வேலை கூடிவிடும்.

கோளாறு வந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

எந்த இடத்தில் வந்தது என்று பாருங்கள். பானெட்டைத் திறப்பது அப்புறம்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1850 மீட்டரில், ஊட்டி சுமார் 2240 மீட்டரில். ஒரே காலையில் இந்த வண்டி வேறு வேறு காற்றைக் குடிக்கிறது. குன்னூரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் அடிவாரத்துக் கல்லாரில் வரும் கோளாறுக்கும் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் வரும் கோளாறுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அடிவாரத்து வெயிலில், ஏற்றத்தில், மெதுவான வேகத்தில் வந்தால் சூடு சம்பந்தப்பட்டது. மேலே ஏறஏறக் கூடிக்கொண்டே போனால் பெட்ரோல்-காற்றுக் கலவை. இறக்கத்தில் மட்டும் வந்தால் வால்வு கைடு அல்லது பிரேக். மழை, மூடுபனி நாளில் மட்டும் என்றால் கரண்ட். இடத்தைப் பொருட்படுத்தாமல் எங்கும் வந்தால்தான் உள்ளே பிரிக்க வேண்டிய வேலையோ என்று யோசிக்கலாம்.

வண்டிக்குள் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். எந்த வளைவு, எந்த கியர், ஹீட் முள் எங்கே இருந்தது, மழையா வெயிலா என்று நான்கு வரி எழுதுவேன். மெக்கானிக்கிடம் போய் "ஏதோ சத்தம் வருதுங்க" என்று சொல்வதைவிட அந்த நான்கு வரி அவருக்குப் பாதி வேலையைக் குறைத்துவிடும்.

மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஓடுகிறது. குன்னூர் நெருங்கும்போது புல்லிங் இல்லை, பிளக் கரியாகிறது. ஏன்?

கொஞ்சம் புல்லிங் குறைவது இயற்கை. காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் இன்ஜின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். அதற்கு எந்த ரிப்பேரும் கிடையாது, ஒரு கியர் குறைத்து ஓட்ட வேண்டியதுதான்.

பிளக் கரியாவது வேறு விஷயம். காற்று லேசாகும்போது கார்புரேட்டர் அதே விகிதத்தில் பெட்ரோலைக் குறைப்பதில்லை. சமவெளியில் சரியாக வைத்த கலவை, குன்னூர் உயரத்தில் ஏறக்குறைய பத்து சதவீதம் பெட்ரோல் கூடியதாக மாறிவிடும். எஸ்யு கார்புரேட்டரில் இதைச் சோதிக்க அருமையான வழி ஒன்று இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடானதும், கார்புரேட்டரின் பக்கவாட்டில் உள்ள சின்ன பின்னை மெல்ல மேலே அழுத்துங்கள். அது கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் போலத் தூக்கும். இன்ஜின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு நொடி லேசாகக் கூடி மறுபடி பழைய வேகத்துக்கு வந்தால் சரியான கலவை. அடியிலுள்ள ஜெட் நட்டை மேல்நோக்கித் திருகினால் பெட்ரோல் குறையும், கீழ்நோக்கித் திருகினால் கூடும். அறுகோண நட்டின் ஒரு பட்டை அளவுக்கு மட்டும் திருப்பிவிட்டு மறுபடி சோதியுங்கள். இரண்டு கார்புரேட்டரையும் ஒரே அளவு திருப்ப வேண்டும்.

அதோடு, மேலே உள்ள பித்தளை மூடியைக் கழற்றி டாஷ்பாட்டில், அதாவது அந்தப் பிஸ்டனின் அசைவை நிதானப்படுத்தும் அறையில், ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வற்றியிருந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது வண்டி ஒருமுறை மூச்சுத் திணறி, அப்புறம்தான் இழுக்கும். பலர் இதற்காக கார்புரேட்டரையே மாற்றியிருக்கிறார்கள். ஒரு ஸ்பூன் ஆயில் போதும்.

இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோல் இந்த வண்டிக்கு ஒத்துக்கொள்ளுமா?

இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று பங்கில் கிடைக்கிறது. அறுபதுகளின் ரப்பருக்கு எத்தனால் ஆகாது. பழைய பெட்ரோல் ஹோஸ் உள்ளே பிசுபிசுத்து உரியும். அந்தத் துகள் போய், கார்புரேட்டர் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசியில் உட்காரும், கார்புரேட்டர் நிரம்பி வழியும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இந்த வண்டியில் கார்புரேட்டருக்கு நேர் கீழே இருக்கிறது. பெட்ரோல் ஒழுகினால் தீப்பிடிக்கும். ஆகவே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கலவை விஷயத்தில் கவனிக்க வேண்டியது இது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்கு வைத்த ஜெட்டில் இ20 ஊற்றினால் கலவை ஏழெட்டு சதவீதம் மெலிந்துபோகும். மலை உயரமோ கலவையை ஏறக்குறைய பத்து சதவீதம் கெட்டியாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் குன்னூரில் பெருமளவு சரிக்கட்டிக்கொள்கின்றன. அதனால் "மலைக்கு வந்துட்டோம், ஜெட்டைக் குறைச்சிடு" என்ற பழைய அறிவுரையை இன்று அப்படியே பின்பற்றக் கூடாது. பின்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மலையில் ஜெட்டைக் குறைத்துவிட்டு அதே வண்டியில் சமவெளிக்கு இறங்கினால் கலவை மிகவும் மெலிந்து, இன்ஜின் சூடாகி, வால்வு கருகும் ஆபத்து உண்டு.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைப் பாதியில் விடாதீர்கள், அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும்.

மலைப்பாதையில் பர்லியார் தாண்டியதும் இன்ஜின் அணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது. என்ன காரணம்?

இந்தக் கேள்விக்கு மூன்று பதில் உண்டு. மூன்றும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும்.

ஒன்று, பெட்ரோல் கொதித்து ஆவியாவது. அடிவாரத்துச் சூடு, இரண்டாம் கியரில் லாரிக்குப் பின்னால் ஊர்வது, ஏறஏறக் குறையும் காற்றழுத்தம் எல்லாம் சேர்ந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் கொதிக்கும். அம்பாசடரில் இன்ஜினோடு ஒட்டிய பம்பின் மேல் ஈரத்துணி போடும் வழக்கம் பலருக்கு நினைவிருக்கும். எம்ஜிபியில் பம்ப் வண்டியின் பின்பக்கம் அடியில் இருக்கிறது, அங்கே துணி போட்டுப் பயனில்லை. ஃப்ளோட் சேம்பர் மேல்தான் போட வேண்டும். மேனிஃபோல்டில் மட்டும் தண்ணீர் பட்டுவிடக் கூடாது. சூட்டில் இருக்கும் வார்ப்பிரும்பு விரிசல் விடும். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகடு உங்கள் வண்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முந்தைய வேலையில் கழற்றியவர் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்.

இரண்டு, ஸ்பார்க் உண்டாக்கும் கண்டென்சர் அல்லது காயில். சூடானால் ஸ்பார்க் போகும், ஆறினால் வரும். வண்டி அணைந்த அந்த நிமிடமே பார்த்தால்தான் பிடிபடும். ஒரு பிளக் வயரைக் கழற்றி, உதிரி பிளக்கை மாட்டி, பிளக்கின் உடம்பை இன்ஜினில் தொடவைத்து செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் ஒழுக்கு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கார்புரேட்டருக்குத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். நல்ல நீல ஸ்பார்க் இருந்தால் கரண்ட் சரி. மஞ்சளாக, பலவீனமாக இருந்தாலோ இல்லவே இல்லையென்றாலோ முதலில் கண்டென்சரை மாற்றுங்கள். புதிதாகக் கடையில் வாங்கியது என்பதாலேயே அது நல்லது என்று நம்பிவிட வேண்டாம்.

மூன்று, எஸ்யு பம்ப். இக்னிஷன் போட்டதும் பின்னாலிருந்து டக் டக் என்று சில தடவை அடித்து நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் உள்ளே பாயிண்ட் கருகியிருக்கும். ஸ்பேனர் கைப்பிடியால் பம்பின் மேல் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் உயிர் வரும், வீடு போய்ச் சேரலாம். நிற்காமல் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் தீர்ந்திருக்கும், அல்லது எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது ஃப்ளோட் ஊசி மூடவில்லை.

மழை, பனிக் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளேயும் வெளியேயும் உலர்ந்த துணியால் துடையுங்கள். குன்னூரில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது அன்றாட வேலை. இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால், ஸ்பார்க் வயரிலிருந்து பூச்சி போல நீல வெளிச்சம் ஓடுவது தெரியும். அப்படித் தெரிந்தால் வயர் செட்டை மாற்ற வேண்டியதுதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட் இடைவெளி 15 தவ் (தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர். பிளக் இடைவெளி 25 தவ், 0.63 மில்லிமீட்டர்.

ஏற்றத்தில் ஹீட் ஆகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

கழற்றாதீர்கள். இந்த இன்ஜினுக்குச் சூடான நாடுகளுக்கென்றே 74 டிகிரி தெர்மோஸ்டாட் உண்டு, சாதாரணமாக வருவது 82. மேட்டுப்பாளையம் ஏறி இறங்குபவர் 74 போட்டுக்கொள்ளலாம். ஊட்டியிலேயே ஓட்டுபவருக்கு 82 போதும்.

எல்லோரும் விட்டுவிடுவது ரேடியேட்டர் மூடியை. குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரி முன்னால். 10 பிஎஸ்ஐ மூடி சரியாக அழுத்தம் பிடித்தால் கொதிநிலை 110-க்கு மேலே போகும். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் நிற்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு முழுக்கப் போய்விடுகிறது. சமவெளியில் அதே தேய்ந்த மூடியோடு தாக்குப்பிடித்த வண்டி மலையில் கொதிப்பதற்கு இதுதான் காரணம். ரேடியேட்டரைப் பிரிப்பதற்கு முன் புது மூடி போட்டுப் பாருங்கள். அப்புறம் ஃபேன் பெல்ட், ஸ்பார்க் விழும் டைமிங். டைமிங் பின்தங்கி இருந்தாலும் இன்ஜின் சூடாகும்.

ஏற்றம் முடிந்து நிறுத்தியதும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. தலைகுந்தா பக்கம் ஜனவரிக் காலையில் உறைபனி விழும் இடங்களில் வண்டி நிற்குமென்றால் வெறும் தண்ணீர் வேண்டாம், கூலண்ட் கலந்தே ஊற்றுங்கள்.

ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

பயப்பட வேண்டாம். வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கும் திரும்பவும் என்று சின்னச் சின்ன ஓட்டமே ஓடினால், குளிரில் உள்ளே ஈரம் படிந்து ஆயிலோடு கலந்து இப்படி ஆகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்து, ரேடியேட்டரில் தண்ணீர் குறையாமலும் இருந்தால் கோத்தகிரி வரை ஒருமுறை நன்றாகச் சூடேற ஓட்டிவிட்டு வாருங்கள், போய்விடும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம், ரேடியேட்டரில் குமிழி, தண்ணீர் குறைகிறது என்றால் மட்டும் ஹெட்டைப் பிரியுங்கள்.

கம்ப்ரஷன் பார்த்தோம், 125 பிஎஸ்ஐதான் காட்டுகிறது. சிலிண்டரைக் கடைந்து போர் செய்ய வேண்டும் என்கிறார்கள்.

எங்கே வைத்துப் பார்த்தீர்கள்? கடல்மட்டத்தில் 160 காட்டும் ஆரோக்கியமான இன்ஜின், குன்னூரில் 125 முதல் 130 வரைதான் காட்டும். உள்ளே போகும் காற்றே குறைவு என்றால் அழுத்தம் எப்படி வரும்? மேனுவலில் உள்ள எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டு, நல்ல இன்ஜினைப் பிரித்துப்போட்ட கதைகள் மலையில் உண்டு. வேக்குவம் கேஜுக்கும் இதே கணக்கு, சமவெளியைவிட ஐந்தாறு அங்குலம் குறைவாகக் காட்டும்.

பார்க்க வேண்டியது நான்கு சிலிண்டருக்கும் இடையிலுள்ள வித்தியாசம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதியாக இருங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் இடையில் ஹெட் கேஸ்கெட். அதற்கும் முன்னால் வால்வுகளின் டேப்பெட் இடைவெளியை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 15 தவ் வைத்துவிட்டுச் சோதிப்பது முக்கியம்.

இறக்கம் முடிந்து ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் நீலப் புகை வருகிறது.

வால்வு கைடும் அதன் சீலும். இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கில் வரும்போது உள்ளே உறிஞ்சும் இழுப்பு அதிகம். தேய்ந்த கைடு வழியாக ஆயிலை இழுத்து வைத்துக்கொண்டு, மிதித்ததும் எரித்துத் தள்ளும். ஏற்றத்திலும் விடாமல் நீலப் புகை வந்தால் ரிங். முதல் வகைக்கு அவசரமில்லை, ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டு ஒரு வருடம்கூட ஓட்டலாம். ஆயில் 20டபிள்யூ-50 மினரல் போடுங்கள். சூடான இன்ஜினில் ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் இருந்தால் நல்லது. ஐட்லிங்கில் 15-20க்கு இறங்குவது சகஜம்.

கியர் விழும்போது கறகறவென்று சத்தம். கிளட்ச் பிளேட் போய்விட்டதா?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வண்டி வாங்கிய முதல் வருடம் ரிவர்ஸ் விழவில்லை. ஒரு ஒர்க்ஷாப்பில் "பிளேட் போச்சு" என்று சொல்லி இன்ஜினை இறக்கினார்கள். எம்ஜிபியில் கிளட்சைப் பார்க்க இன்ஜினை இறக்கியே தீர வேண்டும். புது பிளேட், புது பிரஷர் பிளேட், மூன்று வாரம், பெரிய தொகை. மாட்டிய பிறகும் அதே சத்தம். கடைசியில் ஒரு வயதான அம்பாசடர் மெக்கானிக் வந்து, பெடல் பக்கத்தில் குனிந்து பார்த்து, பெடலையும், மிதியை ஃப்ளூயிட் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் கம்பியையும் சேர்க்கும் ஒரு பின்னைக் கழற்றிக் காட்டினார். பாதி தேய்ந்திருந்தது, பெடலின் துளை முட்டை வடிவமாகியிருந்தது. நான் மிதித்த மிதியில் ஒரு பங்கு அந்த இடைவெளியிலேயே வீணாகியிருக்கிறது. பின் புதிது போட்டு, துளையை நிரப்பி லேத்தில் சரிசெய்த அன்று மாலையே ரிவர்ஸ் வெண்ணெயாக விழுந்தது.

அதனால் வரிசையாகப் பாருங்கள். முதலில், அது உண்மையிலேயே கிளட்ச் கோளாறா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் ஐட்லிங்கில் ஓட, கிளட்சை முழுக்க மிதித்துப் பத்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமின்றி விழுந்தால் கிளட்ச் விடுபடுகிறது. அப்போதும் கறகறத்தால் முழுக்க விடுபடவில்லை. என் வண்டி மாதிரி 1967-க்கு முந்தைய கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோ, அதாவது ஓட்டத்தில் கியரைச் சத்தமின்றிச் சேர்க்கும் அமைப்பு, கிடையாது. ஓட்டத்தில் முதல் கியர் போட்டால் கறகறக்கத்தான் செய்யும், அது கோளாறே அல்ல. பழைய லாரி டிரைவர்கள் செய்வதுபோல டபுள் கிளட்ச் அடித்து, அதாவது நடுவில் நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு மறுபடி மிதித்து, போட வேண்டும்.

அடுத்து அந்தப் பின். பெடலைக் கையால் மெல்ல அழுத்தி, கம்பி நகர ஆரம்பிப்பதற்கு முன் எவ்வளவு சும்மா ஆடுகிறது என்று பாருங்கள். அப்புறம் வண்டிக்கு அடியில் போய், கியர்பாக்ஸின் வலப்பக்கம் உள்ள, ஃப்ளூயிட் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் சீல் போய்விட்டது. ஈரமில்லையென்றால் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, ஸ்லேவ் கம்பி எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பாருங்கள். சுமார் அரை அங்குலம் நகர்ந்தால் ஹைட்ராலிக் வேலை செய்கிறது, கோளாறு உள்ளே. அதைவிடக் குறைவாக நகர்ந்தால் கோளாறு வெளியே. இன்ஜினை இறக்குவதா வேண்டாமா என்பதை இந்த ஒரு அளவே சொல்லிவிடும். எந்த மெக்கானிக் பிளேட் போய்விட்டது என்று சொன்னாலும் "கம்பி எவ்வளவு நகருது அண்ணா, அளந்து பார்த்தீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

குறைவாக நகர்ந்தால் காற்று புகுந்திருக்கலாம். பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக அடித்ததும் கியர் விழுந்தால் பெரும்பாலும் இதுதான். மேலிருந்து காற்று எடுப்பதைவிட, ஸ்லேவில் காற்று எடுக்கும் நிப்பிளில் டியூப் மாட்டி ஆயில் கேனால் கீழிருந்து மேலாக ஃப்ளூயிடை ஏற்றினால் காற்று எளிதில் வெளியேறுகிறது. டாட் 4 ஃப்ளூயிட் போடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும் என்பதால் நம் ஊர்ச் சாரலில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றிவிடுவது நல்லது. கம்பி சரியாக நகர்ந்தும் கியர் விழவில்லையென்றால் மட்டும் ரிலீஸ் ஃபோர்க், கார்பன் பேரிங், கிராங்கின் பின்முனையில் உள்ள சின்ன புஷ் என்று உள்ளே சந்தேகப்படலாம்.

மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்றது. இப்போது கிளட்ச் விடவே மாட்டேன் என்கிறது.

பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜினை நியூட்ரலில் நன்றாகச் சூடாக்கி அணையுங்கள். ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில், இரண்டாம் கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்து மெதுவாக ஓட்டுங்கள். மிதித்த காலை எடுக்காமல் ஆக்ஸிலேட்டரைக் கொடுத்து விட, கொடுத்து விட, ஒரு கட்டத்தில் டப்பென்று விடும். சரிவான சாலையிலோ வீட்டு வாசலிலோ இதைச் செய்ய வேண்டாம், வண்டி பாய்ந்துவிடும். அடுத்த முறை நிறுத்தும்போது ஒரு மரக்கட்டையால் கிளட்ச் பெடலை மிதித்த நிலையில் முட்டுக்கொடுத்து வையுங்கள்.

ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி வேகமெடுக்கவில்லை.

கிளட்ச் வழுக்குகிறது. இதற்கு நிஜமாகவே இன்ஜின் இறக்க வேண்டி வரலாம். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். வழுக்கும் நேரத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்லேவ் நிப்பிளைத் திறந்து கொஞ்சம் ஃப்ளூயிட் வெளியே விட்டு மூடுங்கள். வழுக்கல் நின்றால் பிளேட் நன்றாகத்தான் இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் சின்னத் துவாரம் அடைத்தோ, ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியோ, அழுத்தம் திரும்ப முடியாமல் கிளட்சை அரைகுறையாகப் பிடித்து வைத்திருக்கிறது.

நிற்கவில்லையென்றால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்சை மூடியிருக்கும் பெல்ஹவுசிங்கின் அடியில் உள்ள துளையைப் பாருங்கள். அங்கே சொட்டுவது கறுப்பு ஆயில் என்றால் இன்ஜினின் பின் சீலிலிருந்து, தெளிந்த ஆயில் என்றால் கியர்பாக்ஸ் முன்பக்கத்திலிருந்து. இன்ஜின் ஆயில் என்றால், இன்ஜின் உள்ளழுத்தம் வெளியேறும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே அழுத்தம் கூடினால் நல்ல சீலும் ஒழுகும்.

கிளட்ச் விடும்போது வண்டி குலுங்குகிறது.

இன்ஜின் மவுண்டிங், கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர்களை முதலில் பாருங்கள். அவை நன்றாக இருந்தால் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கிறது.

இன்ஜின் இறக்குவது உறுதியாகிவிட்டது. என்னவெல்லாம் மாற்றுவது?

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்த்து. கூடவே பின் ஆயில் சீல், கிராங்க் முனைப் புஷ், ஃபோர்க்கின் போல்ட்டும் புஷ்ஷும். ஃப்ளைவீலில் நீலத் தழும்பு இருந்தால் லேத்தில் கொடுத்துத் தேய்த்து வாங்குங்கள். மறுபடி ஒரு சின்ன சீலுக்காக இன்ஜின் இறக்க நேரக் கூடாது. 1964 வரை வந்த மூன்று பேரிங் இன்ஜினில் பின் சீலே கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகுப் பள்ளம்தான். அதில் கொஞ்சம் சொட்டுவது இயல்பு.

கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்ச் சீக்கிரம் தேயாமல் எப்படி ஓட்டுவது?

வளைவில் முன்னால் பஸ் நின்றுவிட்டால் கிளட்சை அரைகுறையாகப் பிடித்து வண்டியைத் தாங்கி நிற்காதீர்கள். ஹேண்ட்பிரேக் போடுங்கள், நியூட்ரலுக்கு வாருங்கள், காலை எடுங்கள். இதன் ரிலீஸ் பேரிங் உருளும் பேரிங் அல்ல, கார்பன் வளையம். மிதித்திருக்கும் ஒவ்வொரு நொடியும் அது தேய்கிறது. வளைவுக்குள் போன பிறகு கியர் குறைப்பதைவிட, வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுவது கிளட்சுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகுமே?

வேண்டவே வேண்டாம். இது அறுபது வருடத்துப் பிரேக். எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். மேலே ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

மலைக்குக் கிளம்பும்போது வண்டியில் என்ன வைத்துக்கொள்வது?

கண்டென்சர், பாயிண்ட் செட், ரோட்டார், இரண்டு பிளக், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் மூடி, இரண்டு அடி பெட்ரோல் ஹோஸ், கிளிப்புகள், டாட் 4 சின்ன பாட்டில், ஸ்லேவ் சிலிண்டர் ரப்பர் கிட், ஏஎஃப் ஸ்பேனர் செட், ஃபீலர் கேஜ், தீயணைப்பான், ஐந்து லிட்டர் தண்ணீர், பழைய துணி, டார்ச். பின் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு மரக்கட்டை. ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பிச் சரிவில் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். கூடவே ஒரு கிளட்ச் பெடல் பின். சட்டைப் பையில் அடங்கும் சாமான்தான், என்னிடம் எப்போதும் இரண்டு இருக்கும்.